எண் பொருத்தம்

வான் வெர்ட், ஒஹையோ
ஜூன் 12, 1995

அன்புள்ள டோரி,

இந்தக் கடிதத்தை நீ பிரிப்பாயா என்பதே எனக்குச் சந்தேகம். போனில் பேசியிருக்கலாம். ஆனால் நீ குரலை உயர்த்தினால் நான் சொல்ல வந்ததை மறந்துவிடுவேன். உன் கணவர் ஓரின் இறந்தபோது பேசினோமே, அன்றும் அப்படித்தான் ஆயிற்று. தாளில் எழுதினால், நீ கத்தி முடிக்கும்வரை அது காத்திருக்கும்.

ஆர்டித்துக்குப் பிப்ரவரியில் பக்கவாதம் வந்தது. அப்போதே உனக்குத் தெரிவித்திருக்க வேண்டும். வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சில் சில சொற்கள்தான் மிச்சம். இங்கே ஊரில் உள்ள பராமரிப்பு இல்லத்தில், ஜன்னலோரப் படுக்கையில் இருக்கிறாள். நான் நடந்தே போய் மதியச் சாப்பாட்டை ஊட்டிவிட்டு, மாலையில் திரும்புகிறேன். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் என் மனைவியை என்னால் தூக்க முடியவில்லை.

நாங்கள் சேர்த்து வைத்தது கரைந்துவிட்டது. இனி அரசு உதவி வந்தால்தான் உண்டு. அதற்கு ஒரு விதி இருக்கிறது. வீடு இருக்கலாம், ஓடுகிற கார் ஒன்று இருக்கலாம். இரண்டாவது கார் இருந்தால், அதை விற்று அந்தப் பணத்தையும் செலவழித்த பிறகே உதவி. யாருக்கும் இனாமாகக் கொடுக்கக் கூடாது. மதிப்புக்குக் குறைத்துத் தள்ளிவிடவும் கூடாது. தள்ளினால் சொத்தை ஒளித்ததாகக் கொள்வார்கள்.

என் இரண்டாவது கார் எது என்று உனக்குத் தெரியும். நான் வாங்கி, நீ பந்தயத் தடத்தில் ஓட்டிய எழுபதாம் ஆண்டு செவர்லே செவெல். புதுப்பிக்கிறேன் என்று நான் பிரித்துப்போட்டு, இன்றுவரை பூட்டி முடிக்காத வண்டி. உடம்பு மட்டும் மரக்கட்டைகளின் மேல் நிற்கிறது. மற்றவை பெட்டிகளில்.

அந்த உதவியைக் கவனிக்கும் கவுண்டி அரசு அலுவலகத்தில் திருமதி ஹோலபாக் என்ற பெண் விவரம் கேட்டாள். நல்ல பெண். "வண்டி முழுசா இருக்கா சார்? எல்லாப் பாகமும்?"

"எல்லாம் இருக்கு" என்றேன்.

பிரித்துப்போட்ட காரை விற்கும் எல்லோரும் முதலில் சொல்லும் வாக்கியம் இது. விளம்பரத்தில் இதைப் பார்த்தால் பாதி இல்லை என்று அர்த்தம் என்பது வாங்குகிறவனுக்கும் தெரியும். ஆனால் நான் விற்பனைக்காகச் சொல்லவில்லை, டோரி. உண்மை என்று நினைத்துத்தான் சொன்னேன். எஞ்சின் உன் வயலில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாலும், என் மனதில் அது அந்த வண்டியின் எஞ்சின்தான். தற்சமயம் வேறு இடத்தில் இருக்கிறது, அவ்வளவே. அவளும் நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டாள். சொந்த எஞ்சினோடு இருக்கும் செவெலுக்கு விலைப் புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ, அதையே மதிப்பாக வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு உறுத்தியது. மறுநாள் போய், எஞ்சின் கன்சாஸில் என் தங்கையிடம் இருக்கிறது என்றேன்.

"அதுல உங்க காரோட நம்பர்தானே சார் இருக்கு?"

"ஆமா."

"அப்போ அது உங்க சொத்துதான். வாங்கி வச்சு வித்துருங்க."

உடம்பு மட்டும் என்றால் அந்த விலைக்கு யாரும் வாங்கமாட்டார்கள். அந்த விலைக்குக் கீழே நான் விற்கக் கூடாது. ஜூலை கடைசிவரை இல்லம் பொறுக்கும். அதற்குப் பிறகு அந்தப் படுக்கை வேறொருவருக்கு. ஆர்டித்தை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

எஞ்சினைத் திருப்பித் தருவாயா? நீ அதை எடுத்துப்போனது சரியா தவறா என்ற பேச்சை நான் எழுப்பவில்லை.

அன்புடன்,
வெண்டல்


ஸ்காட் சிட்டி, கன்சாஸ்
ஜூன் 19

வாத்தியாரே,

பிரித்தேன். உன் கையெழுத்து இன்னும் கரும்பலகையில் லத்தீன் எழுதியதுபோலவே இருக்கிறது.

ஆர்டித் விழுந்ததை எனக்குச் சொல்ல உனக்கு ஒரு எஞ்சின் தேவைப்பட்டிருக்கிறது. இதை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் தொண்டையிலேயே நிற்கும். அவள் எனக்கு அண்ணி மட்டும் இல்லை. நான் தடத்தில் ஓட்டும்போது வேலியைப் பிடித்துக்கொண்டு, தொப்பி பறப்பதுகூடத் தெரியாமல் கத்துவாளே, அவள்தான் எனக்கு ஆர்டித். நீ அவள் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாய்.

நீ எழுப்பாத பேச்சை நான் எழுப்புகிறேன். அந்த எஞ்சினை வைத்து நான் எத்தனை ஆம்பளைகளைப் புழுதி தின்ன வைத்திருக்கிறேன்! நீ அதைத் துடைத்து, எண்ணெய் தடவி, துணி சுற்றி, பிணம்போல மூலையில் வைத்தாய். ஒரு போல்ட்டைக் கழற்ற ஒரு சனிக்கிழமை. அதைப் பையில் போட்டுப் பெயர் எழுத இன்னொரு சனிக்கிழமை. பூட்டச் சொன்னால், "இன்னொரு தடவை சரிபாத்துக்கிறேன்." ஓரினும் நானும் டிரக் கொண்டுவந்து தூக்கினோம். நீ சர்ச்சிலிருந்து வந்து வாசலில் நின்றாய். என்ன சொன்னாய் தெரியுமா? "கேஸ்கெட்டைத் தனியா வச்சிருக்கேன், அதையும் எடுத்துக்க." அவ்வளவுதான். அதற்குப் பிறகு பேச்சையே நிறுத்திக்கொண்டாய். நீ என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் அன்றைக்கே இறக்கி வைத்துவிட்டுப் போயிருப்பேன். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது அது என் கிணற்றடியில் நிற்கிறது. ஏப்ரலுக்குப் பிறகு மேகம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மக்காச்சோளம் இடுப்பளவு நிற்கிறது. ஜூலையில் பூ வைக்கும், பிறகு பால் பிடிக்கும். அந்த நேரத்தில் தண்ணீர் நின்றால், அப்புறம் ஆற்றையே திருப்பிவிட்டாலும் கதிரில் மணி இருக்காது. வேறு எஞ்சின் வைக்கலாமே என்பாய். ஓரினின் வைத்தியம் எல்லாவற்றையும் துடைத்துக்கொண்டு போய்விட்டது. விதை வாங்கியதோடு கை காலி.

ஆகஸ்ட் கடைசியில் கேள். நானே தூக்கி லாரியில் வைக்கிறேன். ஜூலையில் கேட்காதே.

அந்தப் பெண்ணிடம் ஏன் மறுபடியும் போய்ச் சொன்னாய்? பொய் சொல்லி மாட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையைச் சொல்லி, திரும்பிப் போய் இன்னும் கொஞ்சம் உண்மையைச் சொல்லி மாட்டுகிற ஒரே ஆள் நீதான்.

ஆகஸ்ட்வரை பொறுக்கச் சொல் அவர்களை.

டோரி


வான் வெர்ட்
ஜூன் 26

அன்புள்ள டோரி,

நீ சொன்னபடி இல்லத்தின் மேலாளரிடம் ஆகஸ்ட் கடைசி என்று கேட்டேன். போகும் வழியெல்லாம் வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். "படுக்கைக்குக் காத்திருக்கிறவங்க வரிசை வாசல் வரைக்கும் நிக்குது சார்" என்றார். மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். எதற்காக மன்னிப்பு என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன்.

பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தேன். சிலர் வந்தார்கள். நான் வண்டியின் குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். அடித்தட்டில் துரு, பின் கண்ணாடிக்குக் கீழே முன்பு யாரோ ஒட்டவைத்த தகரம். ஒரு இளைஞர், "நீங்க விக்கிறீங்களா, என்னைக் காப்பாத்துறீங்களா சார்?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். எப்படி விற்பது என்று எனக்குத் தெரியவில்லை. வாழ்க்கையில் நான் எதையும் விற்றதில்லை.

நேற்று லைமாவிலிருந்து கிம்மல் என்பவர் வந்தார். பழைய கார்களை வாங்கி ஏலத்தில் விற்கிறவர். பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்.

"பெரியவரே, இவ்ளோ சுத்தமாப் பிரிச்சு வச்ச காரை நான் பாத்ததே இல்ல. செத்தவங்களைக்கூட இப்படி அலங்காரம் பண்ண மாட்டாங்க."

"எல்லாத்துலயும் பேர் எழுதி வச்சிருக்கேன்."

"பேர் கெடக்கட்டும். எஞ்சின் எங்க?"

"கன்சாஸ்ல. என் தங்கச்சி வயல்ல தண்ணி எறைக்குது."

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "செவெல் எஞ்சினை வச்சு சோளத்துக்குத் தண்ணி பாய்ச்சுறாங்களா! உங்க குடும்பத்துல எல்லாருமே இப்படித்தானா?"

பிறகு அவரே சொன்னார்: "நம்பர் பொருந்தணும் பெரியவரே. உடம்புல ஒரு நம்பர் இருக்கு, எஞ்சின் நெத்தியில அதே நம்பர் இருக்கணும். பொருந்துச்சுன்னா புத்தக விலை, அன்னிக்கே தர்றேன். பொருந்தலேன்னா காயலான் கடை விலைதான்."

இன்னொரு சின்ன உதவி. எஞ்சினின் முன்புறம், வலது பக்கத்தில், எண் பொறித்த தட்டையான இடம் இருக்கிறதல்லவா? அதன் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அனுப்ப முடியுமா? ஒன்று, என்னிடம் உள்ள ஆவணங்கள் முழுமையாகும். இரண்டு, ஒரு நினைவாகவும் இருக்கும். அவசரமில்லை. ஆனால் இந்த வாரமே அனுப்பினால் நல்லது. தாள் நகராதபடி இரு பக்கமும் ஒட்டிக்கொள்.

அன்புடன்,
வெண்டல்


ஸ்காட் சிட்டி
ஜூலை 1

வாத்தியாரே,

"ஒன்று", "இரண்டு" என்று எண் போட்டுப் பொய் சொல்லும் மனிதனை இப்போதுதான் பார்க்கிறேன். அவசரமில்லையாம், ஆனால் இந்த வாரமேயாம்.

நானும் அந்தக் கார்ப் பந்தயக் கூட்டத்தில் கிடந்தவள்தான். அந்த எண்களை அச்சு வைத்துச் சுத்தியலால் அடித்திருப்பார்கள். ஒவ்வொரு எஞ்சினிலும் ஒவ்வொரு சாய்வு. ஒன்றில் ஏழு கொஞ்சம் தூக்கி நிற்கும், இன்னொன்றில் மூன்று பாதிதான் விழுந்திருக்கும். எண் உனக்குத் தெரியும், கார் உடம்பிலேயே இருக்கிறது. உனக்கு வேண்டியது அந்தச் சாய்வு. கிம்மலிடம் அதே வருடத்து எஞ்சின் ஒன்று கிடக்கிறது. அதிலிருக்கும் எண்ணை இழைத்துவிட்டு, என்னுடையதைப் பார்த்து அச்சு மாறாமல் குத்தப்போகிறான். ஏலத்தில் ஏதோ ஒரு ஏமாளி தலையில் கட்டுவான். சரிதானே?

அது முழு எஞ்சினாக இருந்தால் இங்கே அனுப்பச் சொல், கிணற்றில் வைத்துக்கொண்டு உன்னுடையதைத் தந்துவிடுகிறேன். அப்படி இருக்காது. வெறும் கூடாகத்தான் இருக்கும். இல்லாவிட்டால் நீயே முதலில் கேட்டிருப்பாய். இதன் உள்பாகங்களை அந்தக் கூட்டில் போடலாமா என்று யோசிக்காதே. பட்டறையில் கொடுத்து உருளைகளைக் கடைந்து வாங்குவதற்குள் பயிர் சருகாகிவிடும்.

பரீட்சையில் காப்பியடித்த பையனைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, அவனுக்காக நீ சாப்பிடாமல் கிடந்ததை ஆர்டித் எனக்குச் சொல்லியிருக்கிறாள். அந்த நீ எனக்கு இப்படி ஒரு கடிதம் எழுதுகிறாய். கோபம் வரவில்லை. பயமாக இருந்தது. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாய்க்கால் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அங்கே என்ன நடக்கிறது, வெண்டல்? எழுதாமல் விட்டது என்ன?

தாள் அனுப்பவில்லை.

டோரி


வான் வெர்ட்
ஜூலை 7

அன்புள்ள டோரி,

வெறும் கூடுதான். நீ எழுதியதெல்லாம் சரி. கிம்மல் அந்த வழியைச் சொன்னபோது நான் சரியென்று தலையாட்டினேன். "நீங்களா பெரியவரே!" என்று அவரே ஒரு அடி பின்னால் போனார். தாளை நீ அனுப்பாதது நல்லது. அனுப்பியிருந்தால் கொடுத்திருப்பேன். இப்போதும் கொடுப்பேன் என்றுதான் நினைக்கிறேன். இதை எழுதும்போது வெட்கம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

எழுதாமல் விட்டதை எழுதுகிறேன்.

வீட்டுக்கு அனுப்பும் முன் பழகிப் பார்க்க வேண்டும் என்று, ஜூனில் ஒரு சனிக்கிழமை ஆர்டித்தை வண்டியில் கொண்டுவந்து விட்டார்கள். நான் எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தேன். விரிப்புகளைச் சுருட்டிவிட்டேன். குளியலறையில் கைப்பிடி பொருத்தினேன். அவளைத் தூக்கும் முறையைத் தாதி எனக்கு இரண்டு தடவை காட்டியிருந்தாள். கால் எங்கே, கை எங்கே என்று எனக்கு மனப்பாடம். மதியம் குளியலறையில் அவளைத் தூக்கினேன். பாதி எழுந்ததும் என் முழங்கால் மடங்கிவிட்டது. அவள் நழுவினாள். நான் அவளை விடவில்லை, அதனால் அவள் மேலேயே விழுந்தேன்.

தலையில் அடி இல்லை. ஆனால் என்னாலும் எழ முடியவில்லை. போன் கூடத்தில் இருந்தது. இரண்டு பேரும் ஈரத் தரையில் கிடந்தோம். நான் உதவிக்குக் கூப்பிட்டிருக்க வேண்டும். கத்த எனக்கு வரவில்லை, டோரி. "யாராவது இருக்கீங்களா?" என்று வகுப்பறைக்கு வெளியே நின்று கேட்பதுபோலக் கேட்டேன். கடைசியில் அவள்தான் கத்தினாள். வார்த்தை இல்லை, வெறும் சத்தம். அந்தச் சத்தம் என்னுடைய மனைவியிடமிருந்து வரும் என்று எனக்குத் தெரியாது. வாசலில் தபால் போட வந்தவர் கேட்டு உள்ளே வந்தார்.

"ரொம்ப நேரமா இப்படியேவா கெடக்குறீங்க?" என்று கேட்டார். "கொஞ்ச நேரமாத்தான்" என்றேன். பொய்.

அன்று மாலையே இல்லத்துக்குத் திருப்பிக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு, நான் அறைக்குள் வரும்போது அவள் நல்ல கையால் படுக்கையின் கம்பியைப் பிடித்துக்கொள்கிறாள். கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறேன் என்று நினைக்கிறாள். ஊட்டி முடித்து, நான் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிய பிறகுதான் கம்பியை விடுகிறாள். என் மனைவிக்கு என்னைக் கண்டு பயம்.

ஜூலை முடிந்ததும் அவளை அந்தக் கம்பியிலிருந்து பிரித்துத்தான் என்னிடம் அனுப்புவார்கள்.

நான் கேட்பது எஞ்சின் இல்லை, உன் பயிர். தெரிந்துதான் கேட்கிறேன். இதைக் கேட்க எனக்கு உரிமை உண்டா என்று எல்லாப் பக்கமும் யோசித்தேன். இல்லை என்றுதான் முடிந்தது. ஆனாலும் கேட்கிறேன். எஞ்சினை அனுப்பு, டோரி. இப்போதே அனுப்பு.

வெண்டல்


ஸ்காட் சிட்டி
ஜூலை 14

வெண்டல்,

நேற்றுக் காலை எஞ்சினை நிறுத்தினேன். கடைசித் தண்ணீர் வாய்க்காலில் ஓடி முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு கழற்ற ஆரம்பித்தேன்.

நான் பெருந்தன்மையாகச் செய்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஒவ்வொரு போல்ட்டையும் வைதுகொண்டேதான் கழற்றினேன். பாதி வசவு உனக்கு, பாதி அந்த விதியை எழுதியவனுக்கு. உன் மாதிரி பையில் போட்டுப் பெயர் எழுதவில்லை. ஒரு வாளியில் கொட்டி அனுப்பியிருக்கிறேன். கண்டுபிடித்துக்கொள், அதற்குத்தானே பிறந்தாய்.

பக்கத்து வயல் வெர்ன் வேலியோரம் வந்து நின்றான். அவனுக்கே கிணற்றில் பாதித் தண்ணீர்தான் வருகிறது. என் வயலுக்குத் தண்ணீர் கேட்டு அவனைச் சங்கடப்படுத்தவில்லை.

"உனக்கென்ன கிறுக்கா டோரி? பூ வைக்கிற நேரத்துல தண்ணிய நிறுத்துறே?"

"நிறுத்துறேன்."

"யாருக்கு இது?"

"எங்க அண்ணனுக்கு."

"உனக்கு அண்ணன் இருக்கானா?"

"இருக்கான். இப்பத்தான் வாயத் தொறந்து கேக்கக் கத்துக்கிட்டான்."

அவன் வேலியைத் தாண்டினான். கையுறையை மாட்டிக்கொண்டு வந்து எஞ்சினைத் தூக்கும் சங்கிலியின் மறுமுனையைப் பிடித்தான்.

ஒஹையோவுக்கு மாடு ஏற்றிப் போகும் லாரிக்காரர் ஒருவர் வழியில் உன் வீட்டில் இறக்குகிறார். சாணி நாற்றம் அடிக்கும், மூக்கைப் பொத்திக்கொள். எண்ணின் மேல் எண்ணெய்ப் பிசுக்கு கெட்டியாகப் படிந்திருக்கிறது. அதுதான் அதைத் துருவிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. சுரண்டாதே. மண்ணெண்ணெயில் துணியை நனைத்து மெதுவாகத் துடை. கிம்மலை உன் கண் முன்னால் பார்க்கச் சொல். அவன் விலையைக் குறைத்தால் மன்னிப்புக் கேட்காதே. வாயை மூடிக்கொண்டு நில், அது உனக்கு நன்றாக வரும்.

நன்றி என்று எழுதாதே. பயிரைப் பற்றிக் கேட்காதே. விற்றாயா, அவள் அந்தப் படுக்கையில் இருக்கிறாளா, இரண்டே வரி. மூன்றாவது வரி இருந்தால் படிக்காமல் அடுப்பில் போடுவேன்.

டோரி


வான் வெர்ட்
ஆகஸ்ட் 1

டோரி,

விற்றுவிட்டேன்.

அவள் அந்தப் படுக்கையில்தான் இருக்கிறாள்.

அங்கே மழை பெய்ததா?

வெண்டல்


ஸ்காட் சிட்டி
ஆகஸ்ட் 9

வாத்தியாரே,

மூன்றாவது வரியையும் படித்துவிட்டேன்.

பெய்யவில்லை. வயல் முழுக்கத் தட்டைதான் நிற்கிறது. மாட்டுக்கு ஆகும் என்று வெர்னிடம் வெட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டேன். கோபம் போய்விட்டது என்று எழுத முடியாது. சாயங்காலங்களில் கிணற்றடியில் சத்தம் இல்லாதபோது நன்றாகவே வருகிறது.

ஆனால் இந்த வருடம் எனக்கு அறுவடை இல்லை. அக்டோபரில் இங்கே நான் செய்வதற்கு ஒன்றுமில்லை, பஸ் பிடித்து வருகிறேன். ஆர்டித்திடம் சொல்லிவை. அவளைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். அதில் நான் ஒருத்தி.

டோரி